திரும்பி வர வேண்டிய சாணி

சுங்குவார்சத்திரம் லாட்ஜில் காலைப் பலகாரப் பட்டியலை என் கையில் கொடுத்தார்கள். முழுக்கக் கொரிய எழுத்து. தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று திருப்பிப் பார்த்தேன். திருப்பினாலும் அப்படியேதான் இருந்தது.

"இதுல இட்லி எதுங்க?" என்றேன். சமைப்பதும் பரிமாறுவதும் பிஸ்வா என்கிற ஒடிசாக்காரர். மூன்றாவது வரியில் விரலை வைத்தார். "அதுக்குக் கீழ இருக்கறது?" என்றேன். "அதுவும் இட்லிதான். எல்லாமே இட்லிதான்" என்று இந்தியில் சொன்னார். முன்பு கொரிய என்ஜினியர்கள் தங்கிய லாட்ஜாம். அவர்கள் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். அச்சடித்த பட்டியலை வீணாக்குவானேன் என்று இவர்கள் வைத்துக்கொண்டார்கள்.

இட்லிக்குச் சட்னி, சாம்பார், ஓரமாகச் சிவப்பாய்ப் புளித்த முட்டைக்கோஸ். கொரியர்களுக்காகப் போடக் கற்றுக்கொண்டதை பிஸ்வாவால் நிறுத்த முடியவில்லை. ஒரு வாய் வைத்தேன். எங்கள் நாமக்கல்லில் இப்படி ஆகிவிட்டால் கெட்டுப்போச்சு என்று மாட்டுக்குக் கொட்டிவிடுவோம். இரண்டாவது வாய் பரவாயில்லை. பிறகு மூன்று முறை கேட்டு வாங்கினேன்.

என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது. என் தங்கை துபாய்க்குப் போய் எட்டு நாள் இருந்துவிட்டு வந்து, மூன்று வருடமாக அதையே பேசிக்கொண்டிருக்கிறாள். நானோ கால்நடை நோய் ஆய்வுக்கூடத்தில் இருபது வருடமாக டெக்னீஷியன். கோழி, ஆடு, மாடு இவற்றின் பின்பக்கம் தவிர உலகத்தில் அதிகம் எதையும் பார்த்ததில்லை. சாந்தாமணி என்று பெயர் இருக்கிறதே தவிர எனக்குச் சாந்தமும் கிடையாது. அன்று காலை அந்தப் பட்டியலைப் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். "எந்த நாடு அக்கா?" என்று கேட்டிருந்தாள். பதில் போடவில்லை, கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். மாட்டுக்கும் கோழிக்கும் கண்டபடி மருந்து கொடுத்துக் கொடுத்து, அவற்றின் உடம்பில் இருக்கும் கிருமிகள் அந்த மருந்துகளுக்குப் பழகிவிடுகின்றன. பிறகு நிஜமாகவே நோய் வந்தால் மருந்து கேட்காது, மாட்டுக்கும் கேட்காது, மனுஷனுக்கும் கேட்காது. எந்த ஊர்க் கிருமி எந்த மருந்துக்கு மசியவில்லை என்று கணக்கெடுப்பது எங்கள் வேலை. சாணியும் பாலும் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்து ஒரு நாளுக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். தொழிற்சாலைகளுக்கு நடுவே வாழும் மாடுகளை யாருமே எடுத்துப் பார்த்ததில்லை என்று எங்கள் டைரக்டருக்கு ஒருநாள் திடீரென்று தோன்றிவிட்டது. தோன்றுவது அவருக்கு, பஸ் ஏறுவது எனக்கு.

கிளம்பும்போது அவர் ஒன்று சொல்லி அனுப்பினார். "மாதிரிக்கு நம்பர் உண்டு, மாட்டுக்காரருக்குப் பேர் கிடையாது. ரிசல்ட்டை யார்கிட்டயும் சொல்லக் கூடாது. நாம கணக்கெடுக்கறோம் சாந்தாமணி, வைத்தியம் பாக்கலை." சரிங்க சார் என்றேன்.

ஷேர் ஆட்டோவில் வடக்குப்பட்டு போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. கொட்டகை இருந்தது, தீனித் தொட்டி இருந்தது, கட்டுத்தறி இருந்தது. மாடு இல்லை. நாலு வீடு தள்ளிப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. பைக் துடைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன்.

"மாடுங்களா? அதுங்கல்லாம் கம்பெனிக்குப் போய்க்கீது" என்றார்.

"எந்தக் கம்பெனிங்க?"

"பின்னாடி கீதே, கார் கண்ணாடி கம்பெனி. ஜென்ரல் ஷிஃப்ட்டு. சாயங்காலமாத்தான் வரும்."

கிண்டல் செய்கிறார் என்று நினைத்து எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது. அவர் முகத்தில் கிண்டலே இல்லை. "எங்க வூட்டு மாடு போன வாரம் ரெண்டு நாள் லீவு" என்று சேர்த்துச் சொன்னார். எங்கள் ஊரில் குனிந்தால் கோழி, நிமிர்ந்தால் கோழி. ஒன்றைப் பிடித்து, பின்பக்கம் பஞ்சுக்குச்சியைச் சுழற்றி எடுத்தால் அரை நிமிட வேலை. இங்கே மாட்டைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட் வாங்க வேண்டும் போலிருக்கிறது. மறுநாள் விடிந்ததும், மாடு வேலைக்குக் கிளம்புவதற்குள் பிடித்துவிடுவது என்று லாட்ஜுக்குத் திரும்பினேன்.

இரண்டாம் நாள் காலையில் பிஸ்வா என் ஐஸ் பைகளை ஃப்ரீஸரில் இருந்து எடுத்துக் கொடுத்தார். அந்த நீல நிறப் பை பார்க்க அழகாக இருந்ததால் லாட்ஜ் மேனேஜர் முழங்கால் வலிக்கு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிடுங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். அங்கே வெள்ளை பஸ், வெள்ளை பஸ், இன்னும் ஒரு வெள்ளை பஸ். "வடக்குப்பட்டு போகுமாங்க?" என்று கத்தினேன். "ஏறு ஏறு ஏறு" என்றார் டிரைவர். ஏறினேன்.

பஸ் நிறையப் பெண் பிள்ளைகள். உட்கார்ந்ததும் தூங்கினார்கள். ஒருத்தி மட்டும் போனில் திருநெல்வேலிப் பேச்சில், "எம்மா, சாப்ட்டேம்மா... இட்லிதான்... ஏட்டி, இங்க எல்லாம் இட்லிதான்னு அவகிட்டயும் சொல்லு" என்று யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தாள். கண்டக்டர் வராததைக் கண்டு ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டிருக்க வேண்டும். இலவச பஸ் ஓடுகிற மாநிலம்தானே என்று பேசாமல் உட்கார்ந்துவிட்டேன்.

பக்கத்தில் நீலக் கோட்டு போட்ட பெண், நாற்பது வயதிருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. என் மடியில் இருந்த பெட்டியைத் தட்டிப் பார்த்தாள்.

"இன்னா மேடம், மீனா?"

"இல்லீங்க, சாணி. இன்னும் எடுக்கலை, இனிமேத்தான்."

"சாணிக்கு இன்னாத்துக்கு ஐஸு?"

சொன்னேன். பாதி கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. பெயர் அமலா, கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங். அவளிடம் ரோசி என்று ஒரு பசு. பதினைந்து நாளாக மடி கல்லாக வீங்கி, பால் தயிர்க் கட்டியாகத் திரிந்து வருகிறதாம். ஊசி போடுகிறவரிடம் இரண்டு மூன்று முறை போட்டாயிற்று, கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தரகர் வந்து கறிக்கு ஓட்டிக்கொண்டு போவதாகப் பேச்சு முடிந்துவிட்டது.

"கம்பெனில நான் கான்ட்ராக்ட்டு மேடம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா வெச்சிப்பாங்களா மாட்டாங்களான்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கினு இருப்பேன். ரோசிதான் எனக்கு பர்மனென்ட்டு" என்றாள். அவள் கண் கலங்கியது. அதற்குள் பஸ் ஒரு பெரிய கேட்டுக்குள் நுழைந்து நின்றுவிட்டது. இது கம்பெனி பஸ் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மற்றவர்கள் அட்டையைக் காட்டிவிட்டு உள்ளே போனார்கள். என்னிடம் அட்டை இல்லை. செக்யூரிட்டி சூப்பர்வைசர் மாணிக்கம் என் முன்னால் வந்து நின்றார். வேலூர்ப் பக்கத்து மனிதர், பட்டாளத்தில் பதினேழு வருடம் இருந்தவர், மீசையைக்கூட மார்க் போட்டு வெட்டியிருந்தார்.

"தப்பா ஏறிட்டேனுங்க அண்ணா. இப்படியே வெளிய போயிடறேன்" என்றேன்.

"எப்படி மேடம் போவீங்க? நீங்க உள்ள வந்ததுக்கு என்ட்ரியே இல்ல. உள்ள வராதவங்கள நான் எப்படி வெளிய அனுப்புறது?"

"சரி, என்ட்ரி போடுங்க."

"வெளிய இருந்து வந்தாத்தான் என்ட்ரி. நீங்க உள்ள நிக்கிறீங்க."

நான் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கடைசியில், மாலை நாலு மணிக்குப் பஸ் என்னைக் கொண்டுவந்த மாதிரியே கொண்டுபோய்விடும், அதுவரை நான் கணக்கில் இல்லை, உள்ளே உட்கார்ந்திருக்கலாம் என்று முடிவானது. துபாய் விமான நிலையத்தில் தன்னை ஒரு மணி நேரம் உட்காரவைத்ததைத் தங்கை இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு முழுசாக ஒரு ஷிஃப்ட்.

அப்போதுதான் மாடுகள் வந்தன. மெயின் கேட் வழியாகவே, வரிசையாக, பதினொன்று. ஒவ்வொன்றின் கழுத்திலும் லேமினேஷன் செய்த அட்டை. மாணிக்கம் ஒவ்வொன்றாகப் பார்த்து நோட்டில் குறித்தார். நான் ஒரு அட்டையைப் படித்தேன். "விசிட்டர். நோக்கம்: மெயின்டனன்ஸ். சந்திக்க வேண்டியவர்: அட்மின் மேனேஜர்."

விஷயம் இதுதான். இரண்டாவது ஷெட் கட்ட விட்டுவைத்த நிலத்தில் ஷெட் வரவில்லை, புல் வந்தது. புல்லோடு பாம்பும் வந்தது. புல் வெட்ட ஆள் பிடித்து அலுத்துப்போய், ஊர் மாடுகளை உள்ளே விடுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஆனால் அட்டை இல்லாமல் யாரும் உள்ளே வரக் கூடாது. கம்ப்யூட்டரில் நாலே வகைதான் உண்டு: ஊழியர், கான்ட்ராக்ட், சரக்குக்காரர், விசிட்டர். மாட்டை நாலாவதில் போட்டு ஒரு வருடத்துக்குப் பாஸ் அடித்துவிட்டார்கள். வரிசையில் கடைசியாக வந்த ரோசியை அமலா எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "எனக்கு ஆறு மாசம், அதுக்கு ஒரு வருசம்."

ஆக, தேடி வந்தவர்களிடமே வந்து சேர்ந்திருந்தேன். அமலாவுக்கு டீ இடைவேளை விட்டதும் இருவரும் பின்பக்கம் போனோம். கழித்துக் கட்டின கார்க் கண்ணாடிகள் அங்கே குவிந்து கிடந்தன. மாடுகள் அதன் முன்னால் நின்று தங்களையே பார்த்தபடி அசைபோட்டுக்கொண்டிருந்தன. பத்து மாட்டில் சாணி எடுத்தேன். ரோசி செவலை, சின்னக் கொம்பு. மடியைத் தொட்டதும் காலை உதறினாள். அவ்வளவு வலி. காம்பை ஸ்பிரிட்டால் துடைத்து, முதல் பீச்சைத் தரையில் விட்டு, அடுத்ததைக் குப்பியில் பிடித்தேன். நாலு காம்புக்கு நாலு குப்பி. ஒன்றில் பாலே இல்லை, மஞ்சள் தண்ணீரும் கட்டியும்தான்.

மதியம் கேன்டீனில் சாப்பிட்டேன். கணக்கில் இல்லாத ஆளுக்குச் சாப்பாடு மட்டும் எப்படியோ உண்டு. ஒரு பக்கம் சாம்பார் சாதம், ஒரு பக்கம் ரொட்டி பருப்பு, மூலையில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஏதோ சூப். எதிர்ச் சுவரில் பெரிய போர்டு. "இந்த மாத உடல்நலப் பிரச்சினை: தொண்டை வலி." அதற்குக் கீழே ஏன், ஏன், ஏன் என்று ஐந்து கட்டம். ஏசி காற்று, தூசி, குளிர்ந்த தண்ணீர் என்று நிரப்பியிருந்தார்கள். அதற்காக வெந்நீர் மெஷின் வாங்கி ரிப்பன் கட்டி வைத்திருந்தார்கள்.

"உங்க கம்பெனில என்னங்க எல்லாருக்கும் தொண்டை வலி?" என்று அமலாவைக் கேட்டேன்.

அவள் தட்டைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த பெண்களும் தட்டைப் பார்த்தார்கள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "தொண்டை வலின்னா ஃபர்ஸ்ட் எய்டு ரூம்ல மூணு மாத்திரை குடுப்பாங்க மேடம். ரோசிக்கு ஓணும் இல்ல? நாங்க ஏழு பேரு, ஷிஃப்ட்டுக்கு ஒருத்தின்னு மாத்தி மாத்தி தொண்டை வலி போட்டோம்."

"மாத்திரையை?"

"வாயப்பயத்துல வெச்சி ரோசிக்குக் குடுத்தோம்."

எனக்கு வந்த கோபத்தில் கேன்டீனே திரும்பிப் பார்த்தது. "மாட்டுக்கு வயிறே நாலு அறைங்க! உங்க மாத்திரை முதல் அறையிலயே கரைஞ்சு, அங்க தீனியைச் செரிக்க வைக்கற நல்ல கிருமியைத்தான் கொல்லும். மடிக்குப் போய்ச் சேரவே சேராது. அரையும் குறையுமா மருந்து தின்னுதின்னு கெட்ட கிருமி பழகிக்கும். ஊசிக்காரர் ஒரு பக்கம், நீங்க ஏழு பேர் ஒரு பக்கம், எந்த மருந்துங்க கேக்கும் அப்புறம்?" ஒரு கம்பெனியே ஒரு பசுவுக்காகத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றதை நினைக்க, பாதித் திட்டில் எனக்குச் சிரிப்பு வந்து கெடுத்துவிட்டது.

"அப்ப எந்த மருந்து கேக்கும்னு நீங்க டெஸ்ட் பண்ணி சொல்லுவீங்க இல்ல மேடம்?" என்றாள் அமலா.

நாலு மணிக்குக் கேட்டுக்கு வந்து சேரும்வரை அவள் அதையே கேட்டுக்கொண்டு வந்தாள். "சொல்ல முடியாதுங்க. நம்பர்தான் எங்களுக்கு, பேர் கிடையாது. நான் திரும்பியும் வர மாட்டேன்" என்று செக்யூரிட்டி மேஜைக்கு முன்னால் நின்று சொன்னேன். அப்படிச் சொன்ன வாய்க்கு ஒரு அடி போடலாம் போலிருந்தது. மாணிக்கம் பேனாவை மூடாமல் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஐஸ் பெட்டியைத் திறக்கச் சொன்னார். "பதினாலு குப்பி. இன்னா மெட்டீரியல்?"

"பத்து சாணி, நாலு பால்."

"காம்பவுண்டுக்குள்ள எடுத்தது கம்பெனி சொத்து. கேட் பாஸ் இல்லாம ஒரு ஸ்க்ரூ வெளிய போகாது."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விட மாட்டான் என்பார்களே, அதுதான். மாடு கொடுத்துவிட்டது, மாணிக்கம் கொடுக்க மாட்டேன் என்கிறார். கொட்டிவிட்டு ஊருக்குள் போய் வேறு எடுத்துக்கொள்கிறேன் என்றேன். நோட்டில் எழுதியாகிவிட்டதாம். எழுதினதை அடிக்க மேனேஜர் கையெழுத்து வேண்டுமாம். ஐஸ் உருகிக்கொண்டிருந்தது. பாஸில் இரண்டு கட்டம் இருந்தது. ஒன்று, திரும்பி வராத பொருள். அதற்கு மூன்று பெரிய அதிகாரிகள் கையெழுத்துப் போட வேண்டும். இன்னொன்று ரிட்டர்னபிள், திரும்பி வர வேண்டிய பொருள். அதற்கு மாணிக்கமே போதும். தராசில் வைத்து எடை போட்டு, ரிட்டர்னபிளில் டிக் அடித்து, திருப்ப வேண்டிய நாள் சனிக்கிழமை என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.

"சாணியைத் திருப்பித் தரணுமா?" என்றேன்.

"ஒம்போது வருசமா என்கிட்ட ஒரு பாஸ்கூட பெண்டிங் இல்ல மேடம்" என்றார்.

மூன்றாம் நாள் பெட்டியோடு நாமக்கல் வந்து சேர்ந்தேன். அன்றே வேலையைத் தொடங்கினோம். மாதிரியில் இருந்து கிருமியைப் பிரித்து வளர்த்து, அகர் என்கிற கூழ் ஊற்றிய தட்டில் பரப்பி, அதன்மேல் மருந்து தோய்த்த பொட்டு அளவு காகித வில்லைகளை வைப்போம். மருந்து கேட்டால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டமாக இடம் விட்டிருக்கும். கேட்காவிட்டால் வில்லையின் விளிம்புவரைக்கும் ஏறி வளர்ந்திருக்கும். மற்ற மாடுகள் சுமார். வெள்ளிக்கிழமை ரோசியின் பால் தட்டைத் திறந்தேன். பத்து வில்லையில் ஏழைச் சுற்றி வட்டமே இல்லை. தொண்டை வலி மாத்திரையின் வில்லை மேல் கிருமி பாய் விரித்துப் படுத்திருந்தது. மிச்ச மூன்றில் ஜென்டாமைசின் வில்லையைச் சுற்றி மட்டும் நல்ல அகலமான வட்டம். ஸ்கேலை வைத்து இரண்டு முறை அளந்தேன்.

இதற்கிடையே மாணிக்கம் தினமும் போன் செய்தார். "மேடம், மெட்டீரியல் பெண்டிங்ல கீது." கைதேர்ந்த கடன்காரன்கூட இப்படி விடாமல் கூப்பிட மாட்டான்.

தட்டை எடுத்துக்கொண்டு டைரக்டர் அறைக்குப் போனேன். "சார், அந்தப் பதினாலாம் நம்பர் பாலு... அந்தம்மாவுக்கு ஒரு வார்த்தை..."

"நம்பருக்கு ஏது அம்மா, சாந்தாமணி?"

அப்போது பார்த்து என் போன் அடித்தது. மாணிக்கம்தான். ஸ்பீக்கரில் போட்டேன். கம்பெனிச் சொத்து, பதினாலு உருப்படி, நாளைக்குள் வராவிட்டால் தலைமை அலுவலகத்துக்கு எழுத வேண்டியிருக்கும் என்று இந்தியும் தமிழும் கலந்து கணீரென்று சொன்னார். டைரக்டருக்கு வேர்த்துவிட்டது. அவருக்கு மருந்துக்கு அடங்காத கிருமியிடம் பயமில்லை, கடிதத்திடம் பயம்.

"கம்பெனிச் சொத்தா? என்னம்மா செஞ்சு வெச்சிருக்கே! உடனே கொண்டுபோய்க் குடுத்துட்டு வா. ஃபாரம் குடுத்தா எல்லாக் கட்டத்தையும் ஒழுங்கா நிரப்பிக் குடு. ஒரு கட்டம்கூடக் காலியா விடாதே. அப்புறம் அதுக்கு வேற ஒரு லெட்டர் வரும்."

சரிங்க சார் என்றேன். இந்த முறை மனசாரச் சொன்னேன்.

குப்பிகளில் மிச்சம் இருந்ததை நீராவியில் அவித்து, ஒரு கிருமி உயிரோடு இல்லாமல் செய்து, சனிக்கிழமை காலை சுங்குவார்சத்திரத்தில் இறங்கினேன். பிஸ்வா என்னைப் பார்த்ததும் கேட்காமலேயே ஒரு கிண்ணம் சிவப்பு முட்டைக்கோஸ் வைத்தார். அதைச் சாப்பிட்டுவிட்டு இந்தத் தடவை வெளியில் இருந்தே கம்பெனிக்குப் போய், முறையாக என்ட்ரி போட்டு உள்ளே நுழைந்தேன்.

மாணிக்கம் தராசில் வைத்தார். எடை பாதிகூட இல்லை. "ஷார்ட்டேஜ்" என்றார்.

"டெஸ்ட்டுக்குச் செலவாயிடுச்சுங்க அண்ணா!"

"பாஸ் க்ளோஸ் ஆவணும்னா எடை சரியா இருக்கணும்." கொஞ்சம் யோசித்தார். கையுறை மாட்டிக்கொண்டு பின்பக்கம் போய், புதுச் சாணி ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தராசில் வைத்து முள் சரியானதும் நிறுத்தினார். "அதே மெட்டீரியல், அதே சப்ளையர்" என்று சொல்லிவிட்டு ஃபாரத்தை என் பக்கம் தள்ளினார். கடைசிக் கட்டம் "ரிமார்க்ஸ்: திரும்பி வந்த பொருளின் நிலை". பெரிய கட்டம்தான்.

ஒரு கட்டம்கூடக் காலியாக விடாதே என்பது டைரக்டர் உத்தரவு. எழுதினேன். ரோசி என்கிற பசுவின் பாலில் இருந்த கிருமி இன்னது, அதற்குக் கேட்காத மருந்துகள் இந்த ஏழு, கேட்கும் மருந்து இது. கால்நடை டாக்டர் பார்த்து அளவு சொல்ல வேண்டும், முழு நாளும் போட வேண்டும். மருந்து ஓடும்போதும், அதற்குப் பிறகு டாக்டர் சொல்கிற நாள்வரையும் பாலை யாருக்கும் ஊற்றக் கூடாது. மாத்திரை, வாழைப்பழம் இரண்டும் கூடவே கூடாது. இடம் போதாமல் ஓரத்திலும் எழுதினேன்.

மாணிக்கம் வரிவரியாகப் படித்தார். "இந்தப் பேரக் கொஞ்சம் தெளிவா எழுதுங்க மேடம், டாக்டர் படிக்கிற மாதிரி" என்றார். திருத்திக் கொடுத்தேன். மூன்று நகல். வெள்ளை அவருக்கு, மஞ்சள் ஆபீசுக்கு. பிங்க் நகல், பொருள் எங்கிருந்து வந்ததோ அவர்களுக்கு.

"பொருளு ரோசிகிட்ட இருந்து வந்தது. அதால கையெழுத்துப் போட முடியாது. அமலா, நீ வந்து போடும்மா."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அமலா வந்தாள். கையெழுத்துப் போட்டு, பிங்க் தாளை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் அழுதுவிடுவேன் போல இருந்ததால் மாணிக்கத்தின் பக்கம் திரும்பி அதட்டினேன். "ஏனுங்க அண்ணா, தெரிஞ்சுதான் ரிட்டர்னபிள்னு டிக் போட்டீங்களா?"

"பட்டாளத்துல பதினேழு வருசம் மேடம். ஃபாரத்துல தெரியாம டிக் போடுற பழக்கம் கிடையாது" என்று சொல்லிவிட்டு நோட்டை மூடினார்.

ஒரு மாதம் கழித்து அவரிடம் இருந்து போன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அண்ணா, இன்னும் என்னங்க பெண்டிங்?"

"பெண்டிங் நில் மேடம். கம்பெனில தொண்டை வலியும் நில். வெந்நீர் மெஷின் வாங்கின ஆபீசருக்கு ஷீல்டு குடுத்தாங்க. இருங்க, இவங்க பேசணுமாம்."

அமலா வந்தாள். குரலிலேயே சிரிப்பு இருந்தது. "மேடம், ரோசி தேறிட்டா! மூணு காம்பு சரியாச்சு. ஒண்ணு போச்சு, போவட்டும். தரகர அன்னிக்கே திருப்பி அனுப்பிட்டேன். டாக்டரு பேப்பரப் பாத்துட்டு, இன்னாமா, மாட்டு ரிப்போர்ட்ல செக்யூரிட்டி சீல் கீதுன்னு அப்படி சிரிச்சாரு."

"நல்லதுங்க, ரொம்ப நல்லது. வேலையெல்லாம் எப்படிப் போகுது?"

"வேலையா? போன வாரத்தோட எடுத்துட்டாங்க மேடம். கான்ட்ராக்ட் முடிஞ்சிச்சாம்."

"அடப் பாவமே!" என்றேன். பிறகுதான் ஒன்று தோன்றியது. "அப்ப மாணிக்கம் அண்ணன் போன்ல எப்படிப் பேசறீங்க? எங்க இருக்கீங்க?"

"உள்ளாரதான் கீறேன். ரோசிக்குப் பாஸ் ஒரு வருசம் கீது இல்ல? இனிமே மாட்டத் தனியா வுடக் கூடாதாம், கூட ஒரு ஆளு வரணுமாம். கண்ணாடிக் குவியலாண்ட குந்திக்கினு கீறோம், நானும் அவளும். மாணிக்கம் சார் எனக்கும் ஒரு விசிட்டர் அட்டை போட்டுக் குடுத்துக்கீறாரு."

"அட்டையில என்னன்னு போட்டிருக்குதுங்க?"

அமலா எழுத்துக்கூட்டிப் படித்தாள். "சந்திக்க வேண்டியவர்: ரோசி."